உங்களுக்குத் தெரியுமா? செக்கு முதல் திருகு வரை

கலிபோர்னியாவில் நாங்கள் இருக்கும் மில்பிடாஸ் என்ற ஊரின் பெயரில் 'மில்' இருக்கிறதே என்று ஆலை எதையும் தேட வேண்டாம். மெக்சிகோ வழியாக ஸ்பானிய மொழிக்கு வந்த 'மில்பா' என்ற சொல்லுக்கு மக்காச்சோளக் கொல்லை என்று பொருள். மில்பிடாஸ் என்றால் சின்னச் சின்னக் கொல்லைகள். ஆலை என்று பார்த்தால், 1955 முதல் 1983 வரை இங்கே ஃபோர்டு கார் ஆலை ஓடியது. அந்தக் கட்டடம்தான் இன்றைய கிரேட் மால். எண்ணெய் ஆட்டும் சத்தம் கேட்க வேண்டுமானால் எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்குத்தான் வர வேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு சின்ன எண்ணெய் மிசின் வாங்கினேன். அது படுத்திய பாட்டில் தேடிப் படித்தவை கீழே.

★

தமிழில் 'எண்ணெய்' என்றாலே நல்லெண்ணெய்தான். எள் + நெய் = எண்ணெய். பிறகு வந்ததை எல்லாம் அந்தப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டோம். கணக்காகப் பார்த்தால் 'தேங்காய் எண்ணெய்' என்பது தேங்காய் எள்நெய். வடமொழியிலும் இதே கதை: 'திலம்' எள், அதிலிருந்து 'தைலம்'.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். 'ஆயில்' என்ற சொல்லின் வேர் ஆலிவ். அரபியில் 'ஸைத்' என்பது ஆலிவ் எண்ணெய். அதுவே ஸ்பானியத்தில் 'அசெய்த்தே' ஆகி, எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயராகிவிட்டது. மில்பிடாஸுக்கு அடுத்த ஊரான ஃபிரீமாண்டில் 1797ல் நிறுவப்பட்ட மிஷன் சான் ஹோசே தேவாலயம் இருக்கிறது. கலிபோர்னியாவுக்கு ஆலிவ் மரத்தைக் கொண்டுவந்தவர்கள் இப்படிப்பட்ட மிஷன்களின் பாதிரிமார்கள்தான். அவர்களுக்கு ஆலிவ், நமக்கு எள். கையில் எது முதலில் கிடைத்ததோ அதன் பெயரை மொழி பிடித்துக்கொண்டது.

★

செக்கு ஒரே இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்கள் பழத்தை முதலில் கல்லில் அரைத்து, பிறகு அந்த விழுதைப் பாய்களில் பரப்பி, தனியாக ஒரு பிரஸ்ஸில் வைத்துப் பிழிந்தார்கள். நம் செக்கில் உரலும் உலக்கையும்தான். உலக்கை சாய்ந்து நின்று உரலின் சுவரோடு வித்தை நசுக்கிக்கொண்டே சுற்றும். அரைப்பதும் பிழிவதும் ஒன்றாகவே நடந்துவிடும். மாடு சுற்றும்போது, பாரம் ஏற்றிய பலகையில் ஓர் ஆளும் உட்கார்ந்து சுற்றுவார். அவர் எடையும் சேர்ந்துதான் அழுத்தம். உட்கார்ந்தபடி சம்பளம் வாங்குகிறார் என்று அவரைக் கேலி செய்ய முடியாது; உட்காருவதுதான் வேலை.

இன்று 'மரச்செக்கு' என்று பலகை வைத்திருக்கும் கடைகளில் மாட்டுக்குப் பதில் மோட்டார். பல இடங்களில் உலக்கை நின்ற இடத்தில் நிற்க, உரல்தான் சுற்றும். உலக்கைக்கு வாகை மரம் என்று சொல்லி விற்பார்கள். உரல் சுற்றுவதில் ஏமாற்று ஒன்றுமில்லை. மெதுவாகச் சுற்றுவதுதான் முக்கியம், சுற்றுவது எது என்பது இல்லை.

★

எள் ஆட்டும்போது செக்கில் கருப்பட்டி போடுவது இனிப்புக்காக என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயைப் பிரிக்கும் வேலை. எள் நசுங்கி மாவாகும்போது எண்ணெய் அந்த மாவோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் முரண்டு பிடிக்கும். கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தால் மாவு இறுகிக் கட்டியாகும். எண்ணெய் தனியே விட்டு வெளியேறும். இனிப்பில் பெரும்பகுதி எண்ணெயில் கரைவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடும். எள்ளுப் புண்ணாக்கைக் கன்றுக்குட்டி தேடி வருவது சும்மா இல்லை. சின்ன வயதில் செக்கடியில் நின்று சுடச்சுட எள்ளுப் புண்ணாக்கு வாங்கித் தின்றவர்களுக்கு இது தெரியும்.

நான் செய்த தப்பு என்னவென்றால், இதே கருப்பட்டியை மிசினிலும் போட்டதுதான். மிசினில் இருப்பது உரல் இல்லை, திருகு. சூடேறிய குழாய்க்குள் கருப்பட்டி இளகி, பாகாகி, மிட்டாய் போல் இறுகிவிட்டது. திருகு நின்றது. பிறகு புகை. பிறகு அபார்ட்மென்ட் முழுக்கப் புகை அலாரம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, எள் வாசனை என்றதும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவர்கள் சமையலிலும் எள்ளெண்ணெய் உண்டே.

வெள்ளகோவிலில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். "ஏங்கண்ணு, செக்குல போடறதக் கொண்டுபோயி மிசின்ல போடுவாங்களா? பாகு காச்சறதுன்னா அடுப்புல காச்சியிருக்கலாமல்லோ?" என்றார். திருகைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்ட இரண்டு நாள் ஆனது.

★

ஊரில் 'எக்ஸ்பெல்லர்' என்று நாம் பொதுப்பெயராகச் சொல்வது உண்மையில் ஒரு வணிகப் பெயர். 1900ல் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் வலேரியஸ் ஆண்டர்சன் என்பவர் உருவாக்கிய திருகு பிரஸ்ஸுக்கு வைத்த பெயர் அது. தத்துவம், நம் வீட்டில் மேலே பிடியைச் சுற்றிப் பிழியும் முறுக்கு அச்சுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு குழாய்க்குள் திருகு சுற்றும். வித்து முன்னே தள்ளப்படும். போகப்போக இடம் குறுகும். நெரிசலில் எண்ணெய் குழாயின் இடுக்குகள் வழியே கசியும். புண்ணாக்கு மறுமுனையில் சிம்பு சிம்பாக வரும்.

இதற்கு முன் ஆலைகளில் ஆட்சி செய்தது, ஜோசஃப் பிரமா என்ற ஆங்கிலேயர் 1795ல் காப்புரிமை வாங்கிய நீரழுத்தப் பிரஸ். அதில் அரைத்த மாவைத் துணியில் கட்டி அடுக்கி, அழுத்தி, நிறுத்தி, எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். திருகு வந்ததும் நிறுத்துகிற வேலையே போயிற்று. மேலே கொட்டிக்கொண்டே இருந்தால் கீழே வந்துகொண்டே இருக்கும்.

★

அதே 1900ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது.

★

ஒரே கடலைக்கு எத்தனை பெயர்! கோவைப் பக்கம் கடலக்காய், சென்னையில் வேர்க்கடலை, யாழ்ப்பாணத்தில் கச்சான், விழுப்புரம் கடலூர்ப் பக்கம் மல்லாட்டை. இந்தக் கடைசிப் பெயர் 'மணிலாக்கொட்டை' தேய்ந்து வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிருக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கடலை பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே அதைப் பிழிந்து எண்ணெயும் சோப்பும் செய்தார்கள். கடலை ரகங்களில் 'டி.எம்.வி.' என்று தொடங்குபவை பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்கள்.

★

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'செக்கிறை' என்று ஒரு வரி வருகிறது. தறிக்குத் தறியிறை போல, செக்குக்குச் செக்கிறை. எண்ணெய் வணிகர்களுக்குச் 'சங்கரபாடியார்' என்று பெயர். கோயிலில் விளக்கு எரிந்தாக வேண்டும் என்பதால், செக்குக்காரருக்கும் கோயிலுக்கும் கணக்கு வழக்கு ஓயாது. காரைக்குடியின் செக்காலை, மதுரைக்கு மேற்கே செக்கானூரணி, ஊருக்கு ஊர் இருக்கும் செக்கடித் தெரு: செக்கு போன பிறகும் பெயர் போகவில்லை.

★

மாட்டுக்குப் பதில் மனிதனைப் பூட்டிய செக்கும் உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7 அன்று இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். இடைப்பட்ட காலத்தில் கோவை மத்திய சிறையில் வெயிலில் அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். சுதேசிக் கப்பல் விட்டவருக்குக் கொடுத்த வேலை அது. அந்தச் செக்கு கோவைச் சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாக இருக்கிறது. 'செக்கிழுத்த செம்மல்' என்று எதுகை மோனையாகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் நமக்கு மரத்துவிட்டது. நான் ஒரு கிலோ எள்ளைப் பொத்தானை அமுக்கி ஆட்டிவிட்டு இடுப்பு வலிக்கிறது என்றவன். எனக்கு அதைப்பற்றிப் பேசும் தகுதி இவ்வளவுதான்.

★

அமெரிக்காவில் படித்துவிட்டுச் செக்குக்கு வாதாடிய தமிழர் ஒருவர் உண்டு. தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி.குமரப்பா. சிராக்யூஸிலும் கொலம்பியாவிலும் படித்தவர், தொழிலால் கணக்காயர். 1934ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தியவர். அங்கே ஜவேர்பாய் படேல் என்பவர் பழைய செக்கைத் திருத்தி, மாட்டுக்குச் சுமை குறையும்படி மேம்படுத்தினார்.

குமரப்பா தரப்பின் வாதம் கணக்காயருக்கே உரியது. ஊர்ச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வீட்டுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, சாணம் வயலுக்கு. வித்தை அப்படியே ஆலைக்கு அனுப்பினால் புண்ணாக்கும் ஊரைவிட்டுப் போய்விடும்; பிறகு அதையே காசு கொடுத்து வாங்க வேண்டும். 'போடா புண்ணாக்கு' என்று நாம் திட்டுகிற பொருளுக்கு இவ்வளவு பொருளாதாரம் இருக்கிறது.

★

புண்ணாக்கு ஒரு முறை உலகத்தையே உலுக்கியிருக்கிறது. 1960ல் இங்கிலாந்தில் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்துத் தேடினார்கள். கடைசியில் சிக்கியது பிரேசிலிலிருந்து தீவனத்துக்கு வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் படிந்த பூசணத்தின் நஞ்சுக்கு அப்போதுதான் அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது.

இது நமக்கு எதற்கு? செக்கெண்ணெயை யாரும் சுத்திகரிப்பதில்லை. அதுதான் அதன் பெருமை. சுத்திகரிப்பில் நீங்கிவிடும் நஞ்சு இதில் நீங்காது. ஆகவே செக்குக்காரருக்கு முதல் தகுதி மரம் எது என்பதில்லை, பூசணம் பிடித்த கடலையைப் பொறுக்கி எறிகிறாரா என்பதுதான். எங்கள் பக்கம் ஆட்டக் கொடுக்கும் முன் கடலையை வெயிலில் காயப்போட்டு, முறத்தில் புடைத்து, சொத்தையை எடுப்பார்கள். அந்த வேலையை எந்த மிசினும் செய்வதில்லை.

★

மில்பிடாஸ் இந்தியக் கடைகளில் கடுகெண்ணெய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். அதில் எருசிக் அமிலம் அதிகம் என்பதால் சமையல் எண்ணெயாக விற்க அமெரிக்க உணவு மருந்துத் துறை விடுவதில்லை. வங்காளி நண்பர்கள் அதை வெளிப்பூச்சுக்கு வாங்குவதாக நானும் நம்புகிறேன்.

★

ஆமணக்கில் (எங்கள் பக்கம் கொட்டமுத்து) உள்ள ரிசின் கொடிய விஷம். ஆனால் விளக்கெண்ணெயில் அது இல்லை. ரிசின் ஒரு புரதம், எண்ணெயில் கரையாது, பிழியும்போது புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் கொட்டமுத்துப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஆமணக்கு சாலையோரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும். ஊர் ஞாபகத்தில் பறித்துவந்து வீட்டில் எண்ணெய் எடுக்கக் கிளம்ப வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடு.

'காஸ்ட்ரால்' என்ற இன்ஜின் ஆயில் பெயரில் இருப்பதும் இதே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயர்தான்.

★

அமெரிக்காவுக்கு எள்ளைக் கொண்டுவந்தவர்கள் நாம் இல்லை, அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். 'பென்னே' என்பது அவர்கள் வைத்த பெயர். தாமஸ் ஜெஃபர்சன் 1808ல் பேத்திக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு வந்த ஒரு பாட்டில் எள்ளெண்ணெயைப் பலரும் சாலடில் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்து ஆலிவுக்குச் சமம் என்றார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

இருந்தும் எள் இங்கே பெரிய பயிராகவில்லை. முற்றினால் காய் வெடித்து விதை சிதறிவிடும். ஆள் வைத்து அறுக்கலாம், இயந்திரம் விட முடியாது. 1943ல் வெனிசுவேலாவில் டெரால்ட் லாங்ஹாம் என்பவர் வெடிக்காத எள் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்த ரகங்கள்தான் இன்று டெக்சாஸ் வயல்களில் அறுவடை இயந்திரத்துக்கு வளைந்து கொடுக்கின்றன.

★

பள்ளிக்கூட விருந்துக்கு எள்ளுருண்டை கொடுத்துவிடும் பெற்றோர் கவனிக்க: 2023 ஜனவரி 1 முதல் எள் அமெரிக்காவின் 9ஆவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். பொட்டலத்தில் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கடலையில் இன்னொரு நுணுக்கம். நன்கு சுத்திகரித்த கடலை எண்ணெய்க்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளிக்கிறது, ஏனென்றால் ஒவ்வாமை தரும் புரதம் அதில் போய்விடும். செக்கெண்ணெய்க்கு அந்த விலக்கு இல்லை. 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டிவிடாதீர்கள்.

★

வேப்பெண்ணெயில் எடுத்த பூஞ்சைக்கொல்லிக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனமும் 1994ல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. 2000ல் அது ரத்தானது; மேல்முறையீடும் 2005ல் தோற்றது.

★

என் மிசினின் பெட்டியில் 'கோல்டு பிரஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. விளக்கக் குறிப்பின் முதல் வரி: முதலில் குழாயைச் சூடாக்கவும்!

'குளிர்ச்சியாகப் பிழிந்தது' என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் ஆலிவ் எண்ணெயில் கறாரான வரம்பு வைத்திருக்கிறது: 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. அந்த விதி ஆலிவுக்கு மட்டும். எள்ளையும் கடலையையும் அது தொடாது. விதி இருந்தாலும் கதை வேறு என்பதற்கு, டேவிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆலிவ் மையம் 2010ல் செய்த சோதனை சாட்சி. 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்று கடையில் விற்ற இறக்குமதி எண்ணெய் மாதிரிகளில் 69 சதவீதம் தரத்தில் தேறவில்லை.

எனவே பாட்டிலில் ஒட்டிய 'மரச்செக்கு' என்ற சொல்லைவிட நான் நம்புவது ஒரு மனக்கணக்கு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சுமார் இரண்டரை கிலோ எள் ஆட்டினால் ஒரு லிட்டர் எண்ணெய். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அதில் ஒரு பங்கைப் புண்ணாக்கு வைத்துக்கொள்ளும். கொப்பரையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் என்பதால் அதற்கு இரண்டு கிலோவுக்கும் குறைவாகப் போதும். இரண்டரை கிலோ எள் விலையைவிட ஒரு லிட்டர் 'செக்கு நல்லெண்ணெய்' மலிவாகக் கிடைத்தால், ஆட்டுக்கூலியும் பாட்டில் காசும் கப்பல் கூலியும் யார் தலையில் என்று கேளுங்கள். புண்ணாக்கு விற்ற காசு அவ்வளவையும் ஈடுகட்டாது.

சோயாவை ஏன் யாரும் செக்கில் ஆட்டுவதில்லை என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. அதில் எண்ணெய் 20 சதவீதம்தான். பிழிந்தால் கட்டுபடியாகாது, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கிறார்கள்.

★

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பது பழமொழி. எண்ணெய்க் கடைக்காரர்கள் சுவரில் எழுதிவைக்கும் பழமொழியும்கூட. செக்கெண்ணெயில் மணம் உண்டு, ருசி உண்டு. எள்ளெண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும் பொருள்களும் எள்ளிலேயே உண்டு. ஆனால் செக்கில் ஆட்டியதால் கொழுப்பின் குணம் மாறுவதில்லை. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைகொழுப்பு. மரத்தில் ஆட்டினாலும் இரும்பில் ஆட்டினாலும் அதேதான். அமெரிக்க இதய சங்கம் 2017ல் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கச் சொன்னபோது செக்கு, ஆலை என்று பிரிக்கவில்லை. வாணியனுக்கும் கொடுக்கலாம், வைத்தியனையும் பார்க்கலாம்.

★

கருப்பட்டி இல்லாமல் இரண்டாம் முறை ஆட்டியபோது ஒரு கிலோ எள்ளுக்கு 400 மில்லி எண்ணெய் வந்தது. கலங்கலாக இருந்ததை ஜாடியில் ஊற்றி, துணி கட்டி, பால்கனி வெயிலில் மூன்று நாள் வைத்தேன். கசடு அடியில் இறங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிந்தது. இட்லிப் பொடிக்கு ஊற்றினால் போதும், வேறு பேச்சு வேண்டாம். மின்சாரம், என் இரண்டு மணி நேரம், கழுவிய கழுவல் எல்லாம் சேர்த்தால் கடையில் வாங்குவதே லாபம்.

மிச்சம் இருப்பது புண்ணாக்கு. மில்பிடாஸுக்கு மேலே எட் லெவின் பூங்கா மலையில் மாடுகள் மேய்கின்றன. பூங்கா மாட்டுக்கு நாமாகத் தீனி போடக்கூடாது. அரைக் கிலோவுக்கு மேல் டப்பாவில் காத்திருக்கிறது. ரோஜாச்செடி வைத்திருப்பவர்கள், கோழி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். செக்கடியில் நின்று தின்று பழகியவர்கள் தமக்கே கேட்டாலும் சரி, ஆனால் இதில் கருப்பட்டி இல்லை.